பாலம் தெரிகிற ஜன்னல்

"இதுல தண்ணி எங்கப்பா புடிப்பாங்க?"

படக்கடைக்கு வருகிறவர்கள் எதை எதையோ கேட்பார்கள். விலை கேட்பார்கள். கண்ணாடி போட்டதா, போடாததா என்பார்கள். சோபாவைப் போட்டோ எடுத்து வந்து போனில் காட்டி, இந்தக் கலருக்கு எது எடுப்பாக இருக்கும் என்பார்கள். அந்த அம்மா மட்டும், ராத்திரி வெளிச்சத்தில் மினுமினுக்கிற ஒரு பெரிய நகரத்துப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, தண்ணி எங்கே பிடிப்பார்கள் என்று கேட்டார்.

பிள்ளைங்களா, போன ஞாயிற்றுக்கிழமை நம்ம புது வீட்டு ஹாலுக்கு ஒரு நகரத்துப் படம் வாங்கணும் என்று நீங்க ரெண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சின்னவன் ஒரு படத்தைக் காட்டினான். நான் வாய் தவறி அதையேதான் கேட்டேன். "இதுல தண்ணி எங்கடா புடிப்பாங்க?" நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. பெரியவள், "படத்துல எதுக்குப்பா தண்ணி?" என்றாள். பத்தாவதோடு நின்றவன் நான். பேச்சில் சொன்னால் பாதியில் வேறு எங்கேயாவது போய்விடும். எழுதினால் நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. அந்த அம்மாவுடையது.

அப்போது நாம் விழுப்புரத்தில் இருந்தோம். பெரியவள் பால்வாடி போய்க்கொண்டிருந்தாள், சின்னவன் பிறக்கவில்லை. நான் வேலை பார்த்த கடையில் சாமி படம், இயற்கைக் காட்சி, நகரத்துப் படம் எல்லாம் ஃபிரேம் போட்டு விற்போம். ஃபிரேம் போடுவதும், வீட்டுக்கே போய் டிரில் மிஷினால் துளை போட்டு மாட்டிவிட்டு வருவதும் என் வேலை.

அந்த அம்மா ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். கடைக்குள் நுழைந்தபோதே சாம்பார் வாசனையும் கூட வந்தது. கையில் ஒரு ஒயர் கூடை. தண்ணி எங்கே என்று கேட்டதும் முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"யம்மா, அது ஃபாரின் சிட்டிம்மா. அங்கல்லாம் பைப்புல வரும்."

"பைப்புல வரும்னு எல்லா ஊருலயுந்தான் சொல்றாங்க" என்று அந்த அம்மா அடுத்த படத்துக்குப் போனார்.

அது கறுப்பு வெள்ளையில் மழைத் தெரு. பஸ் மட்டும் சிவப்பு. அந்த வருஷம் நன்றாகப் போன படம் அது. அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இதுல எப்பவும் மழ பேஞ்சிக்கினே இருக்குதே. துணி எங்க காயும்?"

அதற்கடுத்தது காலை நேரத்து வெறும் தெரு. "ஒருத்தரையும் காணமே, எல்லாம் எங்க போனாங்க?"

"வெடியகாலம் எடுத்த படம்மா. எல்லாரும் தூங்கறாங்க" என்றேன் நான்.

"டீக்கடைக்காரன் கூடவாப்பா தூங்குவான்?"

நான் சிரித்துவிட்டேன். முதலாளி என் காதருகில் வந்து, "பேஜாரு புடிச்ச கேஸு. ஜல்தி ஒண்ண தலைல கட்டி அனுப்புடா" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மா, "பாலம் இருக்கிற ஊரா ஏதாச்சும் காட்டேம்ப்பா" என்று கேட்டார்.

நகரத்துப் படம் போடுகிறவர்களுக்குப் பாலம் இல்லாமல் கை ஓடாது போல. இரும்புப் பாலம், கல் பாலம், கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி பாலம் என்று ஒரு சுவர் முழுக்க இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு படத்திலும் உயரமான கட்டடத்தின் மேல் ஜன்னலில் விரலை வைத்து, அங்கிருந்து மெதுவாகக் கீழே பாலம் வரைக்கும் இழுத்தார். "இங்கேர்ந்து பாத்தா பாலம் தெரியும். இந்த ஜன்னல்லேர்ந்து தெரியாது, குறுக்க இந்தக் கட்டடம் மறைக்குது." எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, இவங்களுக்கு ஏதாவது கோளாறோ என்று.

கடைசியில் ஒன்று பிடித்துப்போனது. பகல் வெளிச்சம், பழுப்புக் கட்டடங்கள், இரும்புப் பாலம், அதன் ஓரத்தில் ஒருவன் தள்ளுவண்டியோடு நிற்கிறான். கடுகு அளவுக்குத்தான் அந்த ஆள்.

"இவன் ஏதோ விக்கிறான் பாரு. அப்ப திங்கறதுக்குக் கெடைக்கும்" என்றார். அதைத்தான் வாங்கினார்.

மறுநாள் மாட்டப் போனேன். ஊருக்கு வெளியே ஓட்டு வீடு, ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில் அவர் வீட்டுக்காரரின் படம். பிளாஸ்டிக் மாலை, கீழே சின்ன சிவப்பு பல்பு. பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது, வெளிச்சமும் சரியாக விழுந்தது. நான் படத்தை அங்கே தூக்கிப் பிடித்து, "இங்க வச்சுடட்டுமாம்மா?" என்றேன்.

அந்த அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க வேணாம்பா. அது போனவங்க செவுரு."

எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். அடுப்பின் முன்னால் நின்று நிமிர்ந்தால் தெரிகிற இடம். மிஷினை நிறுத்திவிட்டுத் தூசியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

அவருக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் ஓட்டல் வேலைக்கு என்று ஒரு ஏஜெண்ட் மூலமாக மலேசியா போனான். கொஞ்ச காலம் ஒழுங்காகப் பேசினான். அந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், குரல் மட்டும்தான், முகம் பார்க்க முடியாது. கடைசியாகப் பேசியபோது அவன் சொன்னதை அந்த அம்மா எனக்கு அப்படியே சொன்னார். "வேற ஊருக்கு மாத்திட்டாங்கம்மா. பேரு வாயில நொழயல. ரூமு ரொம்ப ஒசரத்துல கீது. ஜன்னல தொறந்தா கீழ பாலம் தெரியுது, வண்டி போய்க்கினே இருக்குது. சாப்ட்டேன், சாப்ட்டேன். நாளைக்குப் பேசறேன்."

நாளைக்குப் பேசவில்லை. அதற்கப்புறம் பேசவே இல்லை. அந்த நம்பர் போகவில்லை. ஏஜெண்ட் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான். கூடப் போன பையன்களுக்கும் இவனை எங்கே மாற்றினார்கள் என்று தெரியவில்லை.

"அவன் இருக்கிற ஊரு எப்டின்னு கொஞ்சமாச்சும் தெரியணுமில்லப்பா" என்றார்.

பிள்ளைங்களா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் கல்யாண போட்டோ, பிறந்தநாள் போட்டோ என்று மாட்டுகிறார்கள். அந்த அம்மா வீடு மாதிரி இடங்களில் அப்படி இல்லை. ஒரு ஆள் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தால், வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மாலை போட்டிருக்கிறதா என்றுதான். உயிரோடு இருக்கிறவனை அப்படி மாட்டப் பெத்தவளுக்குக் கை வராது. பையன் முகத்தை மாட்ட முடியாமல்தான் அந்த அம்மா ஊரை மாட்டினார்.

ஆனால் எந்த ஊர்?

சில மாசம் கழித்துப் படத்தைப் பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "இந்த ஊரு வேணாம்பா. மாத்திக் குடு."

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் முதலாளி.

"ஆத்துல படகு ஓட்றான். எம் புள்ளைக்கு நீச்சல் தெரியாது."

"நீ வாங்கும்போதே படகு இருந்திச்சேம்மா!"

"இருந்திச்சு. அப்ப தெரியல. ராவுல தூக்கம் புடிக்க மாட்டேங்குது."

முதலாளி என்னைப் பார்த்தார், மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் வைத்து வெயில் பட்டு வெளுத்துப்போன படங்கள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து கடையில் அவருக்கு 'எக்ஸ்சேஞ்ச் அம்மா' என்று பேர். அடுத்து எடுத்துக்கொண்டு போனது பனி பெய்கிற ஊர். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "இவன் சொட்டரு எட்த்துக்கினு போவல" என்று திரும்பி வந்தார்.

ஒரு தடவை, புது வீடு கட்டின ஒரு டாக்டர் வீட்டம்மாவுக்கு மூணு பீஸ் செட் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரே நகரத்தை மூன்று துண்டாகப் பிரித்துத் தனித்தனி ஃபிரேமில் போட்டு, இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுவது. அப்போது அதுதான் புதுசு. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம்ம எக்ஸ்சேஞ்ச் அம்மா பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "ஊர மூணா வெட்டிட்டாங்களே! பாலம் நடுவுல போச்சு பாரு. அந்தாண்ட இருக்கறவன் எப்டிம்மா இந்தாண்ட வருவான்?" டாக்டர் வீட்டம்மா ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். அப்புறம் பூ படம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு முதலாளி திண்டிவனத்தில் இன்னொரு கடை போட்டு என்னை இங்கே அனுப்பினார். நாம் குடிவந்தது அப்படித்தான். மாட்டுகிற வேலைக்கு மட்டும் ரெண்டு ஊருக்கும் நான்தான். வந்து கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை, போர்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு விக்கிரவாண்டி வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார் அந்த அம்மா.

"திண்டிவனத்துல புது ஊருங்க எறங்கியிருக்குன்னு சொன்னாங்க."

"அதே லோடுதாம்மா. அங்க எறக்கினதுதான் இங்கயும்" என்றேன். பரவாயில்லை என்று ஒன்று விடாமல் பார்த்தார். ரொம்ப உயரமான கட்டடங்கள் இருக்கிற ஒரு நகரம் அன்றைக்கு அமைந்தது. கீழே நீளமான பாலம், பாலத்தின் மேல் பொட்டுப் பொட்டாக ஜனங்கள். மத்தியானம் சாப்பிட நம்ம வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நீ அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தில் இருந்த ஆட்களை எண்ணினாய். கொஞ்சம் எண்ணிவிட்டு, "நெறைய பேரு பாட்டி" என்றாய்.

"நெறையன்னா எவ்ளோ அரிசி போடறது? சரியா எண்ணிச் சொல்லு கண்ணு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தினமும் அவர் செய்வது அதுதானே. காலையில் வாத்தியார் தலை எண்ணிச் சொல்வார், அதற்கு அரிசி அளப்பார். மழையில் நனைந்து நேரம் கழித்து வருகிற பிள்ளை, வீட்டில் அடி வாங்கி அழுதுகொண்டு மத்தியானம் வருகிற பிள்ளை என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்களாம். "எல்லாரும் சாப்ட்டாச்சான்னு பாக்காம அடுப்ப அணைக்க மாட்டேன். சின்னதா வச்சிக்கினு ஒக்காந்திருப்பேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பெருமை.

உங்கம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க்கா, எந்த ஊருன்னே தெரியாம எதுக்கு மாத்தி மாத்தி வாங்கறீங்க?"

"தெரிஞ்சிருந்தா ஒரே படத்தோட நின்னிருப்பனே தாயீ" என்றார். உங்கம்மா ரசம் ஊற்றினாள்.

அந்த அம்மாவின் பொண்ணுக்கு மயிலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் விழுப்புரம் கடையிலிருந்து எனக்கு வேலை வந்தது. ஒரு போட்டோவைப் பெரிதாக்கிக் கறுப்பு ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறது, கொண்டுபோய் மாட்டிவிட்டு வா என்று. இருபது வயசுப் பையன். மூக்கும் தாடையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தன. விலாசம் படித்த பிறகுதான் புரிந்தது.

கொடுத்தது அந்தப் பொண்ணின் பெரியப்பா, அதாவது அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் போனபோது ஹாலில் அவர்தான் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர், "வா தம்பி. இவங்கப்பா பக்கத்துல அடி" என்று வலதுபக்கச் சுவரைக் காட்டினார். கண்ணாடியில் பையன் நெற்றிக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டையும் அவரே வைத்தார்.

சத்தம் கேட்டு அந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். படத்தைப் பார்த்தார்.

"இன்னா மாமா இது?"

"இன்னான்னு தெரியலயா? கல்யாணத்துக்கு மின்னாடி துணி வச்சிப் படைக்கணும். போனவனுக்குப் படைக்காம பொண்ண அனுப்பினா அது போற எடத்துல நல்லாருக்குமா? மாப்ள வூட்ல கேக்கறாங்க, அண்ணங்காரன் இருக்கானா இல்லியான்னு. நான் இன்னான்னு சொல்றது?"

"இருக்கான்னு சொல்லுங்க."

"எங்க இருக்கான்?"

அந்த அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். உயரமான கட்டடங்கள், நீளமான பாலம்.

"யம்மா, அது கடையில வாங்கின படம்மா" என்றார் பெரியப்பா. "எந் தோள் மேல ஒக்காந்து மயிலத்துல தேரு பாத்த புள்ள அவன். எனக்கு மட்டும் இத மாட்ட ஆசையா? எத்தினி வருசம் இப்டியே ஓட்டுவ?"

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த படத்தை வாங்கி, முந்தானையால் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தார். குங்குமம் இழுவி பையன் முகம் முழுக்கச் சிவப்பாக ஆகிவிட்டது. மறுபடி, மறுபடி துடைத்தார். சுத்தமாகப் போனதும் கொண்டுபோய் இரும்பு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

"தம்பி, ஆணி அடிக்காத. டீ குடிச்சிட்டுப் போ" என்றார் என்னிடம்.

பெரியப்பா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் எனக்கும் டீ வந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் குடித்தோம்.

வீட்டுக்காரருக்கு மட்டும் துணி வைத்துப் படைத்தார்கள். பையனுக்கும் ஒரு சட்டை எடுத்திருந்தார் அந்த அம்மா. அது படையலுக்கு இல்லை, வந்தால் போட்டுக்கொள்ள. ஒரு சைஸ் பெரிசாக எடுத்திருந்தார். "ஓட்டல் வேல. ஒடம்பு வச்சிருப்பான்" என்றார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா ஹாலில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு ஃபாரின்ல?" என்று கேட்டாராம். "எம் பையன்" என்றாராம் இவர். "எந்த ஊரு?" "பாலம் இருக்கிற ஊரு." அவர், "ஓ, அதுவா! நல்ல ஊராச்சே" என்று தலையாட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் போர்வை மூட்டை.

"எக்ஸ்சேஞ்சாம்மா?"

"இல்லப்பா. கலெக்டர் ஆபீசுக்கு. மனு குடுக்கப் போறேன்."

முன்னாடியும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள், இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்தத் தடவை ஊரையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படம் பெரிசு, தனியாகத் தூக்க முடியாது. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

வரிசையில் நின்று உள்ளே போனோம். மனு வாங்கிய அதிகாரிக்குச் சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டார். "எந்த நாடு, எந்த ஊருன்னு ஒரு துப்பு இருந்தாத்தாம்மா தேட முடியும்" என்றார்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். படத்தைத் தூக்கி மேஜை மேல் நிறுத்தினார். "இந்த மாதிரி ஊரு சார். ஒசரமா கட்டடம். கீழ பாலம். அவனே சொன்னான்."

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கீழ் ஓரத்தில் என்னவோ பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தார்.

"அம்மா, இது போட்டோ இல்ல. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. ஒரு ஊர்லேர்ந்து கட்டடம், இன்னொரு ஊர்லேர்ந்து பாலம்னு எடுத்துச் சேத்து அழகுக்காகப் பண்ணியிருக்காங்க. இப்படி ஒரு ஊரு எங்கயும் இல்லம்மா."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. எங்கேயும் இல்லாத ஊரை ஒருத்தர் தேடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அந்த அம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இத்தினி ஜன்னல எதுக்கு சார் வரைஞ்சாங்க?"

அதிகாரி படத்தை இன்னொரு தடவை பார்த்தார். மனுவை வாங்கிக்கொண்டார், விசாரிக்கிறேன் என்றார். போர்வையை முடிச்சுப் போட அந்த அம்மாவுக்குக் கை வரவில்லை, நான்தான் கட்டினேன். "வூட்டுல வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறியாப்பா" என்று மட்டும் கேட்டார். அதே எதிர்ச் சுவரில், அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அவர் படம் மாற்ற வரவே இல்லை. முதலாளிகூட ஒரு நாள் கேட்டார்: "எங்கடா எக்ஸ்சேஞ்ச் அம்மா? ஆளையே காணம். புது லோடுல நல்லா பெரிய பாலமா ஒண்ணு வந்துச்சு, அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்." அந்தப் படம் ரொம்ப நாள் கல்லாவுக்குப் பின்னால் பேப்பர் சுற்றியே இருந்தது.

இப்போது அந்த வீட்டில் வேற யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த அம்மாவை மகள் மயிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் நம்பர் மட்டும் பழையதேதான், பையனுக்குத் தெரிந்த நம்பர் என்று மாற்றவே விடவில்லை. அடித்தால் மகள் எடுக்கிறாள். "அம்மா படுத்துருக்காங்கண்ணா" என்கிறாள். எப்போது அடித்தாலும் அதுதான்.

ஹாலுக்கு எந்தப் படம் பிடிக்கிறதோ அதையே வாங்குங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு இஷ்டப்பட்ட சுவரில் நானே மாட்டித் தருகிறேன். இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

அவர் மயிலத்துக்குப் போவதற்கு முந்தின வருஷம், புரட்டாசி அமாவாசை அன்று காலையில் போன் பண்ணினார். "ஆணி அடிக்கணும்பா. மிஷின எட்த்துக்கினு வந்துட்டுப் போறியா?"

புதுப் படம் ஏதோ வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே குழம்பு வாசனை. ஹாலில் அந்தப் பழைய படம்தான், கழற்றிச் சுத்தமாகத் துடைத்துக் கீழே சாய்த்து வைத்திருந்தது. எதிர்ச் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது.

"எங்கம்மா அடிக்கணும்?"

வலதுபக்கச் சுவரைக் காட்டினார். அவர் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில்.

நான் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "யம்மா, அது..."

"தெரியும்பா. அடி."

அடித்தேன். சிமெண்டுத் தூள் கீழே சிந்தாமல் இருக்க அந்த அம்மா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார். படத்தை மாட்டினேன். குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். மோதிர விரலில் தொட்டு, கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். விரல் ஒரு ஜன்னலுக்கு நேராகப் போனது, நின்றது, பக்கத்து ஜன்னலுக்குப் போனது, மேல் மாடிக்குப் போனது. எங்கேயும் வைக்கவில்லை. கடைசியில் ஃபிரேமின் மேல் கட்டையில் வைத்தார்.

அலமாரியில் இருந்த போட்டோவை நான் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. சட்டையை மட்டும் எடுத்து வந்தார். அட்டையும் குண்டூசியும் பிரிக்காமல் அப்படியே இருந்தது. படத்துக்குக் கீழே இலை போட்டு, இலைக்குப் பக்கத்தில் அதை வைத்தார். மல்லாட்டைக் கடலை போட்ட காரக்குழம்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்தார்.

சமையல்கட்டில் இருந்து சோறு எடுக்கப் போனவருக்கு உதவி செய்ய எழுந்தேன். அங்கே பார்த்தால் சின்னதாக எரிகிற அடுப்பின் மேல் பெரிய அண்டா. பள்ளிக்கூடத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி. விளிம்பு வரைக்கும் சோறு.

"இன்னாம்மா இவ்ளோ ஆக்கி வச்சிருக்கீங்க? யாரு வர்றாங்க?"

"யாரும் வரலப்பா" என்றார். அண்டாவில் கரண்டியை விட்டு அமிழ்த்தி எடுத்தார். "எந்த ஜன்னலுன்னு தெரியலயே. அதான் எல்லாருக்குமா சேத்து ஆக்கிட்டேன்."

சோறு வைத்தார். கற்பூரம் காட்டினார். அது அணைகிற வரைக்கும் படத்தின் முன்னால் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கும்பிடுகிறார் என்று நினைத்தேன். விரலும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்புறம் உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.